ஏற்றத்தில் கொதிக்காத எம்ஜிபி: ஹட்டனில் ஒரு சிறிய கராஜ் செய்த வேலை

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வீதியில், தகரக் கூரையின் கீழ் இரண்டு வாகனங்கள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு கராஜில், என்னுடைய 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் காரின் எஞ்ஜினைக் குளிரூட்டும் தொகுதி முழுவதும் கடந்த மாசி மாதம் பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் பூட்டப்பட்டது. அதன் பின்னர் ஏழு மாதங்களாக, கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு நான்கு முறையும், தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக எண்ணற்ற முறையும் அந்தக் காரில் ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கராஜின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஒரே நேரத்தில் ஒரு பழைய காருக்கு மேல் அவர் ஏற்பதில்லை. ஹட்டன் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

இந்தக் கார் எங்கள் குடும்பத்துக்கு வந்த கதை மலையகத்தில் பலருக்கும் பழக்கமானதுதான். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, அதே தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் தந்தை இதை வாங்கினார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்ஜிபி, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் போன ஸ்போர்ட்ஸ் கார். அதனால் உதிரிப்பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது பெருங் கஷ்டமல்ல. இந்த எஞ்ஜினைப் புரிந்துகொண்டு தொடும் கையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இதற்கு முன்னர் கொழும்பில் ஒரு கராஜில் இரண்டு முறை கொடுத்திருந்தேன். முதல் முறை, கார் சூடாகிறது என்று சொன்னதும், எஞ்ஜின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடாகாது" என்று அனுப்பினார்கள். இரண்டாம் முறை, 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்ஜின் தட்டுகிறது, அதாவது கலவை தாறுமாறாக எரிந்து சத்தம் எழுகிறது என்று சொன்னதற்கு, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளித் தட்டும் சத்தத்தை நிறுத்தினார்கள். கொழும்பின் சமவெளி வீதிகளில் இரண்டு வேலையும் சரியானவை போலவே தோன்றின. மலைக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து எஞ்ஜினைக் கெடுத்தன.

தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்ஜின் இங்கே என்ன ஆகும் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தில் இன்றும் பலர் இதையே வைத்தியம் என்று நம்புகிறார்கள். தலவாக்கலையில் மார்கழி, தை மாதக் காலைகளில் கார் புறப்பட்டு ஐந்து, ஆறு கிலோமீற்றர் போன பின்னும் எஞ்ஜின் தன் இயல்பான வெப்பநிலைக்கு வராது. குளிர்ந்த எஞ்ஜினுக்குப் பெற்றோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்தபடியே ஓட்ட நேரும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். குளிர்ந்த எஞ்ஜினுக்குள் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து, ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளிறிய பசையாகப் படியும். என் காரில் அந்தப் பசை விரல் தடிப்புக்கு இருந்தது. அதே எஞ்ஜின் நண்பகலில் றம்பொடை வளைவுகளில் லொறி ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது கொதித்தது. காலையில் சூடேறாமலும் பகலில் கொதித்தும் போகும் எஞ்ஜினுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது எந்த வகையிலும் தீர்வாகாது.

ஹட்டன் கராஜின் உரிமையாளரை எல்லோரும் பாஸ் என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைக்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர், தேயிலைத் தொழிற்சாலைகளின் எஞ்ஜின்களில் வேலை கற்றவர். அவருடைய அக்காள் மகன் உதவிக்கு இருக்கிறான். காரைக் கொண்டுபோய் நிறுத்தி, சூடாகிறது என்று நான் சொன்னதும் அவர் பொனட்டைத் திறக்கவில்லை.

"சேர், சூடாகுதுன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த இடத்துல, எந்த கியர்ல, நின்னுக்கிட்டு இருக்கும்போதா ஏறும்போதா, அதைச் சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. வாகன நெரிசலில் நிற்கும்போது மட்டும் வெப்பம் காட்டும் முள் உயர்ந்து, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்றோட்டத்தில் குறை இருக்கிறது: ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் முகப்பை அடைத்த பூச்சியும் புழுதியும் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்று நன்றாக வீசும் வேகத்தில் ஏறும்போதும் முள் உயர்ந்துகொண்டே போனால், நீரோட்டத்தில் அடைப்பு இருக்கிறது. குளிர்ந்த எஞ்ஜினை இயக்கிய சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியாக, எரிந்த வாயு நீருக்குள் நுழைகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். என்னுடையது இரண்டாம் வகை என்று நான் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டும், மற்ற இரண்டையும் பார்த்த பிறகே ரேடியேட்டரில் கைவைத்தார். எரிந்த வாயுவின் கசிவைப் பார்க்கும் நீல நிறத் திரவம் நீலமாகவே இருந்தது. அது மஞ்சளாக மாறியிருந்தால் இந்த மதிப்பீட்டை எழுத இன்னும் பல மாதங்கள் ஆகியிருக்கும். இந்த எஞ்ஜினின் ஹெட், அதிகம் சூடானால் நடுவிலுள்ள இரண்டு எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு இடையில் வெடிப்பு விடும் வழக்கம் உள்ளது.

பிறகு ரேடியேட்டர் மூடியைச் சோதித்தார். அந்தச் சோதனையை என் கண் முன்னாலேயே செய்தார். மலையகத்தில் கார் ஓட்டும் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கைப் பம்பும் அழுத்தமானியும் பொருத்திய ஒரு கருவியில் மூடியைப் பூட்டிக் காற்றடித்தார். சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் வரை தாங்க வேண்டிய மூடி, 4 இறாத்தலிலேயே சீறித் திறந்துகொண்டது.

மூடி நீரை அழுத்தத்தில் அடைத்து வைப்பதால்தான் நீரின் கொதிநிலை உயர்கிறது. இந்த ஆறு இறாத்தல் வித்தியாசம் கடற்கரையில் ஓடும் காரைவிட நம் காருக்குப் பெரிது. கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், அதே நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 82 பாகையில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்க ஏறக்குறைய இன்னும் பத்துப் பாகை தேவைப்படும். ஆகவே மூடி முழுவதும் செயலிழந்த ஒரு கார், நுவரெலியாவில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் தறுவாயிலேயே கொதிக்கத் தயாராக இருக்கிறது. 10 இறாத்தல் மூடி சரியாக இருந்தால் அங்கும் சுமார் 111 பாகை வரை நீர் கொதிக்காது. என் மூடியோ 102 பாகை அளவில் கைவிட்டுக்கொண்டிருந்தது. கொழும்பில் குறையொன்றும் காட்டாத கார் மலையில் ஏன் கொதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. குளிர் நிறைந்த இடத்தில் எஞ்ஜின் குளிர்ந்தே இருக்கும் என்று நினைத்து நாம் அலட்சியமாக இருக்கிறோம். வெளியே குளிர்தான், ஆனால் கொதிநிலையும் கீழே இறங்கியிருக்கிறது, மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பமும் குறைகிறது, மெலிந்த காற்றினால் வலுவிழந்த எஞ்ஜினை நாம் மேலும் அழுத்தி மிதிக்கிறோம்.

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பற்றி என் தந்தை ஆசையோடு பேசுவார். அத்தகைய போட்டியில் கார் சில நிமிடங்களுக்குள் உச்சிக்குப் போய்விடும், எஞ்ஜினிலுள்ள நீர் முழுதாகச் சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று 1,300 மீற்றருக்கும் மேலாகத் தொடர்ந்து ஏறும் வீதியில், பஸ்களின் பின்னால், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம் செல்வது ரேடியேட்டருக்கு வேறு வகையான பரீட்சை. அதுவும் 1966 எம்ஜிபியில், ஓடும்போதே கியர் இலகுவாக விழ உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது. வளைவில் வேகம் விழுந்தால் ஒன்றில் காரை நிறுத்த வேண்டும், அல்லது கிளச்சை இரு முறை மிதித்துக் கியர் மாற்ற வேண்டும். அதனால் பலர் இரண்டாம் கியரிலேயே எஞ்ஜினைத் திணறவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்ற, எஞ்ஜினின் சுமையோ உச்சத்தில் இருக்கும்.

அடுத்து, எஞ்ஜின் நன்றாகச் சூடான நிலையில் ரேடியேட்டரின் முகப்பில் கட்டம் கட்டமாக வெப்பத்தை அளந்தார். கீழ்ப் பகுதியின் ஒரு மூலை மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தது. வெந்நீர் அங்கே போகவே இல்லை என்பதுதான் அதன் பொருள். பற்றாசை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்தபோது, செப்புக் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செங்கபில நிறச் சேற்றால் அடைந்திருந்தது. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து லொறிக்காரர்கள், வேன்காரர்கள், என் தந்தை உட்பட எல்லோரும், வீதியோரப் பீலித் தண்ணீரை, அதாவது மலையிலிருந்து வடிந்து விழும் நீரை, நிறுத்திப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றியே பழகியவர்கள். பீலித் தண்ணீர் குடிக்க இனிமையானது. ஆனால் மழைக்காலத்தில் அதில் நுண்மணல் வரும், துருவைத் தடுக்கும் சத்து எதுவும் அதில் இல்லை, வார்ப்பிரும்பு எஞ்ஜினுக்குள் ஐம்பது ஆண்டுகளாகப் புதிய ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டேயிருந்தது. துரு தானே உதிர்ந்து, தாழ்ந்த இடங்களில் போய்ப் படிந்தது.

அத்தகைய தாழ்ந்த இடம் எஞ்ஜினின் பின்புறம், நான்காம் சிலிண்டரைச் சுற்றி இருக்கிறது. எம்ஜிபி எஞ்ஜினின் வலப்பக்கத்தில், பின்பகுதியில் நீரை வெளியேற்ற ஒரு குழாய் உண்டு. பெரும்பாலான கராஜ்களில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றி நீரை வடித்துவிட்டு, வேலை முடிந்ததாக எண்ணுவார்கள். பாஸ் அந்தக் குழாயைத் திறந்தார், ஒரு சொட்டு நீரும் வரவில்லை. எஞ்ஜினுக்குள் நீர் இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, நீர் வரவில்லை. கம்பியைக் கொண்டு குத்திக் குத்தி, அரைமணி நேரத்துக்குப் பிறகு கறுத்த குழம்பு போல ஒன்று மெல்ல வழிந்தது. அதன் பின்னர் தெர்மோஸ்டாட் இருக்கும் வாயிலிருந்து எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும்வரை பகல் முழுவதும் கழுவினார்கள். இந்த ஒரு வேலைக்காகவே அந்தக் கராஜை நான் பரிந்துரைப்பேன். புதிய ரேடியேட்டரை மட்டும் வாங்கிப் பூட்டியிருந்தால், எஞ்ஜினுக்குள் தங்கிய சேறு ஒரே வருடத்தில் புதிய குழாய்களையும் அடைத்திருக்கும்.

ரேடியேட்டருக்கு அலுமினியத்தில் புதியதைத் தருவிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், காரணமும் சொன்னார்: இது செப்பும் பித்தளையும் ஈயப் பற்றாசும் கொண்டு செய்தது, நானுஓயாவிலோ பண்டாரவளையிலோ ஓட்டை விழுந்தாலும் பற்றவைக்க ஆள் கிடைக்கும், அலுமினியத்தை வீதியோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டார்கள். அதை நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே காரில் ஏற்றினார்கள். முகப்பில் கறுப்புப் பெயிண்ட் மெல்லியதாக, தகடுகளுக்கு இடையில் அடையாமல் அடிக்கப்பட்டிருக்கிறது. மினுங்க வேண்டும் என்று தடிப்பாகப் பூசும் இடங்களும் உண்டு, அது ரேடியேட்டருக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதித்த முறை என்னை மிகவும் கவர்ந்தது. ஆசிரியராக இருந்தவன் என்பதால் கூட இருக்கலாம். புதிய 82 பாகைத் தெர்மோஸ்டாட்டைப் பூட்டும் முன், ஒரு சட்டி நீரில் வெப்பமானியை வைத்து முதலில் நீரை மட்டும் கொதிக்கவிட்டார். முள் 96 பாகையை ஒட்டி நின்றது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அதுவே சரியான அளவு, 100 காட்டியிருந்தால் வெப்பமானி பிழை. அதன் பிறகுதான் நீரை ஆறவைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மறுபடி சூடாக்கி, வால்வு வாய் திறப்பதைப் பார்த்தார். வெப்ப நாடுகளுக்கென்று 74 பாகைத் தெர்மோஸ்டாட்டும் இந்தக் காருக்கு உண்டு, கொழும்பில் ஓடும் காருக்கு அது பொருந்தும். எங்கள் காலைக் குளிருக்கு 82தான் ஏற்றது என்பது அவருடைய முடிவு, ஏழு மாதங்களுக்குப் பின் என்னுடைய முடிவும் அதுவே. ஒயில் மூடியின் அடியில் இப்போது அந்த வெண்ணெய்ப் பசை இல்லை.

தீப்பொறி நேரத்தைப் பற்றி முன்னர் சொன்னேன். கைநூல் சொல்வது, பிஸ்டன் மேல் நிலையை அடைவதற்கு, எஞ்ஜின் தண்டு சுழலும் கோணத்தில் 10 பாகை முன். என் காரில் அது 4 பாகையில் இருந்தது. தாமதமாக எரியத் தொடங்கும் கலவை எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே வெளியேறும், அந்த வெப்பம் ஹெட்டின் சுவர் வழியாக நேரே நீருக்குள் போகும். நேரத்தைத் திருத்தி, 95 ஒக்டேன் பெற்றோல் மட்டும் போடச் சொன்னார். காற்று மெலிந்த இடத்தில் எஞ்ஜின் தட்டுவது இயல்பாகவே குறைவு என்பதால் மலையில் சத்தமே இல்லை. தாழ்நிலத்துக்கு இறங்கும்போது மட்டும், பெரிய கியரில் அழுத்தி மிதிக்காமல் ஓட்டுகிறேன்.

மற்றச் சிறு வேலைகள் சுருக்கமாக: வால்வு இடைவெளி 0.015 அங்குலத்துக்கும், பிளக் இடைவெளி 0.025 அங்குலத்துக்கும் சரிசெய்யப்பட்டன. இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் மேல் குடுவைகளுக்கும் மெல்லிய ஒயில் விடப்பட்டது. முன் சக்கரங்களின் சுழல் அச்சில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் முலைகள் இருக்கின்றன, மூன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடித்தார்கள். பிரேக் திரவத்தை முழுவதும் மாற்றினார்கள். இது குளிரூட்டலோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், ஆனால் ஏறிய கார் இறங்கவும் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாற்றாத திரவம் ஈரத்தை உறிஞ்சித் தன் கொதிநிலையை இழக்கும். கினிகத்தேனை இறக்கத்தில் பெடல் தரைவரை போகும் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் தகட்டுக்கும் பொனட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய நுரைப் பட்டை என் காரில் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதே இல்லை. முன்னாலிருந்து வரும் காற்று ரேடியேட்டரின் ஊடாகப் போகாமல் அந்த இடைவெளியால் தப்பித்துப் போகும் என்று காட்டி, புதிய பட்டை ஒட்டினார்கள். சில நூறு ரூபா வேலை. கீழ் ஹோஸ், மேல் ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் புதியவை. பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் வாட்டர் பம்பின் பெயரிங் போகும்.

கூலன்ட் விடயத்தில் அவரோடு ஒரு நல்ல விவாதம் நடந்தது. கடைகளில் பச்சை, சிவப்பு, நீலம் என்று கலந்த நிலையில் விற்கப்படும் போத்தல்களை வாங்கி நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறோம். நிறம் எந்தத் தரத்தையும் குறிப்பதில்லை, அது சாயம் மட்டுமே. செப்பு, பித்தளை, ஈயப் பற்றாசு உள்ள பழைய எஞ்ஜின்களுக்கு, சிலிக்கேட் அடிப்படையிலான பழைய வகை எதிலீன் கிளைக்கோல் கூலன்ட்தான் பாதுகாப்பானது. புதிய கார்களுக்கான நீண்டகாலக் கூலன்ட் இவற்றுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அவர் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும் என்றார், நான் பாதிக்குப் பாதி என்றேன். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லில் உறைபனி விழுவது உண்மைதான், ஆனால் எஞ்ஜின் நீர் உறையும் குளிர் இங்கே வருவதில்லை. கிளைக்கோல் கூடக் கூட நீர் சுமந்து செல்லும் வெப்பம் குறையும். நமக்குத் தேவை துருத் தடுப்பும் சற்று உயர்ந்த கொதிநிலையும்தான். அவர் சொன்னது சரி, நான் விட்டுக்கொடுத்தேன். எஞ்ஜினும் ஹீட்டரும் சேர்ந்து 5.7 லீற்றர் அளவு கொள்ளும். மிகுதிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றப்பட்டது.

இனிக் குறைகள். ஐந்து நாள் என்று சொன்ன வேலை பதினொரு நாள் பிடித்தது. நடுவில் ஒரு தோட்ட லொறி வந்ததும் என் கார் வெளியே தள்ளப்பட்டது, மூன்று நாள் மழையில் படங்கின் கீழ் நின்றது. படங்கு ஒரு மூலையில் கிழிந்திருந்ததால் ஆசனம் நனைந்தது. அதைக் காய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதைவிடப் பெரிய குறை, முதல் முறை நீர் நிரப்பியபோது ஹீட்டர் வால்வை மூடியபடியே நிரப்பினார்கள். ஹெட்டின் பின்பகுதியில் காற்று சிக்கிக்கொண்டது. கொட்டகலை ஏற்றத்தில் முள் திடீரென்று உயர்ந்து, உடனே விழுந்து, மறுபடி உயர்ந்தது. காரை ஓரமாக நிறுத்தி, மூடியைத் தொடாமல், முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். சூடான எஞ்ஜினில் பீலித் தண்ணீரை ஊற்றுங்கள் என்று அன்போடு ஓடிவந்த இரண்டு பேரைத் தடுக்க வேண்டியிருந்தது. வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு விளக்கினேன். தொலைபேசியில் அழைத்ததும் பாஸ் தன் மருமகனை முச்சக்கர வண்டியில் அனுப்பினார். அவன் காரை மேடான பக்கம் மூக்கு உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து, மேல் ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றி, "மாமா தப்பு பண்ணிட்டாரு சேர், நானும் கவனிக்கல" என்று நேரே சொன்னான். அதற்குப் பணம் வாங்கவில்லை. தவறு நடந்தது, தவறென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அன்று நான் மூடியைத் திறந்திருந்தால் கை வெந்திருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்னொன்றை நான் வற்புறுத்தியே மாற்ற வேண்டியிருந்தது. காரிலிருந்து வடித்த பழைய நீரை, மீதமிருந்த கூலன்டோடு வீதியோரக் கானில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, நாய்களும் மாடுகளும் நக்கிக் குடிக்கும், சிறு அளவே சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். அந்தக் கான் கீழே லயங்களின் பக்கமாகத்தான் இறங்குகிறது. சொன்னதும் பாஸ் சிறிது நேரம் பேசவில்லை, அடுத்த முறை போனபோது மூடியுள்ள ஒரு நீலப் பீப்பா வைக்கப்பட்டிருந்தது.

செலவு மொத்தம் 1,12,000 ரூபா: ரேடியேட்டர் நடுப்பகுதிக்கு 48,000, பாகங்களுக்கும் கூலன்டுக்கும் 29,000, கூலி 35,000. இந்தப் பிரிப்பை நான் கேட்டுத்தான் பெற்றேன். அவர் முதலில் தந்தது சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிய ஒற்றைத் தொகை மட்டும். பழைய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்ததற்காக அதை மன்னிக்கிறேன். அடைந்த செப்புக் குழாய்களில் ஒரு துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்தக் காரில் வெளியேறும் நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தொட்டி கிடையாது, கழுத்துவரை நிரப்பினால் சூடானதும் மிகுதியை வீதியில் கக்கிவிடும். அது ஒழுக்கு அல்ல. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நீர் நின்றால் போதும் என்று சொல்லி, கழிவுக் குழாயின் நுனியில் ஒரு சிறு போத்தலைக் கட்டிவிட்டார்கள், எவ்வளவு வெளியேறுகிறது என்று நான் பார்த்துக்கொள்வதற்காக. முதல் மாதம் போத்தலில் கால்வாசி சேர்ந்தது. அதன் பின் ஒன்றுமில்லை. சென்ற ஞாயிறு கம்பளையிலிருந்து லபுக்கலை வரை ஒரு பஸ்ஸின் பின்னாலேயே ஏறினேன், முள் நடுவைத் தாண்டவில்லை, போத்தலும் உலர்ந்தே இருந்தது. பொனட்டின் உள்புறம் ஒரு தகரத் துண்டில் கூலன்ட் ஊற்றிய திகதியையும், இரண்டு ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டிய திகதியையும் பாஸின் மருமகன் ஆணியால் கீறி வைத்திருக்கிறான். அந்த இரண்டாவது திகதிக்கு ஒரு மாதம் முன்னரே இடம் சொல்லி வைக்க வேண்டும்.